கட்டுப் பிரித்த பிறகு: விபத்தில் சிக்கிய பயணியின் நெடுநாள் காயங்கள்

சாலை விபத்தில் இறந்தவர் என்று அரசின் புள்ளிவிவரத்தில் ஒருவர் சேர்க்கப்பட வேண்டுமானால், விபத்து நடந்த 30 நாட்களுக்குள் அவர் உயிர் பிரிந்திருக்க வேண்டும். கொடுங்காயம் எது என்பதற்கும் சட்டத்தில் ஒரு நாள் கணக்கு உண்டு. பார்வையிழப்பு, எலும்பு முறிவு, முகச் சிதைவு போன்றவற்றைப் பட்டியலிட்ட பிறகு, ஒருவரை 20 நாட்கள் கடும் வலியில் ஆழ்த்துகிற அல்லது அன்றாட வேலைகளைச் செய்ய இயலாமல் ஆக்குகிற காயமும் கொடுங்காயமே என்று பழைய இந்திய தண்டனைச் சட்டம் சொன்னது; 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 116-ஆம் பிரிவு அதை 15 நாட்களாகக் குறைத்திருக்கிறது. குற்ற வழக்குக்கு இந்த அளவுகோல் போதுமானதாக இருக்கலாம். ஆனால் தண்டுவடம் முறிந்து, மூன்றாம் ஆண்டில் படுக்கைப் புண் சீழ்பிடித்து இறந்துபோகிறவர் அரசின் ஏட்டில் இன்றும் "காயமடைந்தவர்" என்றே நிற்கிறார். விபத்துக்குப் பிந்தைய பத்தாண்டுகளில் என்ன நடக்கிறது என்பதைக் கணக்கில் வைத்துக்கொள்ளும் ஏடு நம்மிடம் இல்லை. அந்தக் கணக்கு வீட்டுக்குள்தான் எழுதப்படுகிறது.

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கைப்படி 2022-ஆம் ஆண்டில் இந்தியாவில் 4,61,312 சாலை விபத்துகள் நடந்தன. 1,68,491 பேர் இறந்தார்கள், 4,43,366 பேர் காயமடைந்தார்கள். விபத்துகளின் எண்ணிக்கையில் 64,105 என்ற கணக்கோடு தமிழ்நாடு முதலிடத்தில் இருந்தது. அதே அறிக்கையில் சீட் பெல்ட் அணியாமல் இறந்த 16,715 பேரில் 8,331 பேர் வண்டியை ஓட்டாதவர்கள். தலைக்கவசம் அணியாமல் இறந்த 50,029 பேரில் 14,337 பேர் பின்னால் அமர்ந்து வந்தவர்கள். பயணிகளின் இறப்பையாவது இவ்வாறு பிரித்துப் பார்க்க முடிகிறது. உயிர் பிழைத்த பயணிகளில் எத்தனை பேர் பழைய வேலைக்குத் திரும்பினார்கள், எத்தனை பேருக்கு வலிப்பு வந்தது, எத்தனை பேர் மறுபடி பேருந்தில் ஏறவே அஞ்சுகிறார்கள் என்பதற்கு இந்த அறிக்கையில் இடமில்லை.

பயணியைத் தனியாகப் பிரித்துப் பேசக் காரணம் உண்டு. ஓட்டுகிறவர் பெரும்பாலும் மோதலுக்குச் சில நொடிகள் முன்பாவது எதிரே வருவதைப் பார்க்கிறார். அவர் கை ஸ்டியரிங்கைப் பற்றியிருக்கிறது, கால் பிரேக்கை நோக்கிப் போகிறது. பயணியோ அந்த நேரத்தில் உறங்கிக்கொண்டிருக்கலாம், மடியில் இருக்கும் குழந்தைக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருக்கலாம், பின்னிருக்கையில் உடலைத் திருப்பிப் பேசிக்கொண்டிருக்கலாம். எந்த நிலையில் இருந்தாரோ அந்த நிலையிலேயே விசை அவர் உடலைத் தாக்குகிறது. காயம் உடலின் எந்த இடத்தில் விழும், பல ஆண்டுகளுக்குப் பிறகு அது எப்படித் தலைதூக்கும் என்பவற்றை அவர் அமர்ந்திருந்த இருக்கையும் அமர்ந்திருந்த விதமும் பெருமளவு தீர்மானிக்கின்றன.

காரின் முன்னிருக்கையில் பெல்ட் இல்லாமல் அமர்ந்திருப்பவரின் முழங்கால், நேருக்கு நேர் மோதலில், எதிரே இருக்கும் டாஷ்போர்டில் இடிக்கிறது. அந்த இடி தொடை எலும்பின் வழியே மேலேறி, இடுப்பில் கிண்ணத்துக்குள் பந்து போல அமர்ந்திருக்கும் எலும்பின் தலையைப் பின்பக்கமாக வெளியே தள்ளிவிடுகிறது. கிண்ணத்தின் விளிம்பு உடைவதும், அருகில் இடுப்பிலிருந்து காலுக்கு ஓடும் பெரிய நரம்பு (சயாட்டிக் நரம்பு) நசுங்கிப் பாதம் தொங்கிப்போவதும் உண்டு. விலகிய மூட்டை ஆறு மணி நேரத்துக்குள் உள்ளே தள்ளிப் பொருத்திவிட வேண்டும் என்று எலும்பு மருத்துவர்கள் வலியுறுத்துவதற்குக் காரணம், அந்தப் பந்துக்குச் செல்லும் மெல்லிய இரத்தக் குழாய்கள் நீண்ட நேரம் முறுக்கிக் கிடந்தால் எலும்பு உள்ளிருந்தே மடியத் தொடங்கும் என்பதுதான். அது உடனே தெரிவதில்லை. நோயாளி நடக்கத் தொடங்கி, வேலைக்கும் போகத் தொடங்கிய பிறகு, ஓராண்டிலோ இரண்டாண்டிலோ, சிலருக்கு அதற்கும் பிறகோ, தொடை இடுக்கில் வலி ஆரம்பித்து எலும்பின் தலை சரிந்துபோயிருப்பதை எக்ஸ்ரே காட்டுகிறது. முப்பது வயதில் செயற்கை இடுப்பு மூட்டு வைத்துக்கொள்ளும் ஒருவர், தம் வாழ்நாளில் அதை இன்னொரு முறை மாற்ற வேண்டிவரலாம் என்பதையும் சேர்த்தே சுமக்கிறார். சம்மணமிட்டு உட்காரவோ, குத்துக்காலிட்டு உட்கார வேண்டிய கழிப்பறையைப் பயன்படுத்தவோ, நாற்று நடவோ முடியாது என்பது நம் ஊரில் சிறிய இழப்பு அன்று. கிராமத்தில் அது ஒருவரின் பிழைப்பையே மாற்றிவிடும்.

பின்னால் வந்த வண்டி இடிக்கும்போது உடல் இருக்கையோடு முன்னே தள்ளப்பட, தலை ஒரு கணம் பின்தங்கிப் பிறகு சாட்டை போல முன்னே வீசப்படுகிறது. எலும்பு முறிவு இராது, எக்ஸ்ரேயில் எதுவும் தெரியாது, இரண்டு நாள் மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். ஆனால் பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து 2008-ஆம் ஆண்டில் வெளிவந்த மதிப்பீடு, இத்தகைய கழுத்துக் காயம் பட்டவர்களில் ஏறத்தாழ பாதிப் பேர் ஓராண்டு கழித்தும் கழுத்து வலி இருப்பதாகச் சொன்னதைப் பதிவு செய்கிறது. "ஸ்கேனில் ஒன்றும் இல்லையே" என்ற பேச்சை வீட்டிலும் அலுவலகத்திலும் கேட்டுக் கேட்டு, தம் வலியை நிரூபிக்க வேண்டிய நிலைக்கு அவர்கள் தள்ளப்படுகிறார்கள். இருக்கையின் தலைசாய்ப்பானைக் காதுக்கு மேலே வருமாறு உயர்த்தி வைப்பது இந்தக் காயத்தைக் குறைக்கும். கார் வாங்கிய நாளிலிருந்து அதைத் தொட்டுப் பார்க்காதவர்களே நம்மில் அதிகம்.

இரு சக்கர வாகனத்தில் ஒருபக்கமாகக் காலைத் தொங்கவிட்டு அமரும் பெண்ணுக்கு உடலின் எடை நடுவில் இல்லை. பிடித்துக்கொள்ள ஒரு கைதான் இருக்கிறது, பல நேரம் அந்தக் கையிலும் குழந்தையோ பையோ இருக்கும். வேகத்தடையில் வண்டி துள்ளினாலும் புடவைத் தலைப்பு சக்கரத்தில் சிக்கினாலும் பின்புறமாக விழுகிறார். முதலில் தரையில் மோதுவது பின்மண்டை. முன்னால் அமர்ந்திருப்பவர் தலைக்கவசம் அணிந்து, பின்னால் அமர்ந்திருப்பவர் அணியாத காட்சியை நாம் தினமும் பார்க்கிறோம். பின்னால் உட்காரும் குழந்தையின் குதிகால் சக்கரக் கம்பிகளுக்கு இடையில் சிக்கித் தோலும் சதையும் கிழிந்துபோவது மற்றொரு காயம். அது ஆற வாரங்கள் பிடிக்கும், தழும்பு இறுகினால் செருப்பு அணிவதே தொல்லையாகும்.

தலைக்காயத்தின் தாக்கம்தான் இவற்றுள் மிக நீண்டது, வெளியே தெரியாததும் அதுவே. 1974-ஆம் ஆண்டில் கிளாஸ்கோ நகரத்தில் டீஸ்டேல், ஜென்னட் என்ற இரண்டு நரம்பியல் அறுவை மருத்துவர்கள் வகுத்த அளவுகோலின்படி, கண் திறத்தல், பேச்சு, அசைவு ஆகிய மூன்றையும் பார்த்து 3 முதல் 15 வரை மதிப்பெண் தருகிறார்கள். 13 முதல் 15 வரை லேசானது, 8-உம் அதற்குக் கீழும் கடுமையானது. லேசானது என்ற சொல் குடும்பத்தாரை ஏமாற்றிவிடுகிறது. அந்த மதிப்பெண் சொல்வது விபத்து நடந்த நேரத்து விழிப்பு நிலையை மட்டுமே. தலைவலி, தூக்கக் கலைவு, வெளிச்சமும் சத்தமும் தாங்காமை, ஒரு வேலையில் மனம் நிலைக்காமை ஆகியவை மாதக்கணக்கில் நீடிப்பவர்கள் லேசான பிரிவிலும் இருக்கிறார்கள். வாசனை உணர்வு போய்விடுவதால் சமையலறையில் எரிவாயுக் கசிவு தெரியாமல் போகிறது. வயதானவர்களுக்கு, அதிலும் இரத்தத்தை இளக்கும் மாத்திரை எடுப்பவர்களுக்கு, சிறிய இடியாகத் தோன்றியதால் மூளையின் மேலுறைக்குள் இரத்தம் மெல்ல மெல்லக் கசிந்து, மூன்று நான்கு வாரம் கழித்து நடை தள்ளாடும்போதுதான் வெளிப்படுகிறது. அதற்குள் பேருந்தில் தலை இடித்த நாளையே வீட்டார் மறந்திருப்பார்கள்.

வலிப்பைப் பற்றித் தெளிவான கணக்கு இருக்கிறது. அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் ஒரே வட்டாரத்து மக்களைப் பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்து 1998-இல் வெளிவந்த ஆய்வில், கடுமையான தலைக்காயம் பட்டவர்களில் ஐந்தாண்டுக்குள் 10 விழுக்காட்டினருக்கும், முப்பதாண்டுக்குள் 16.7 விழுக்காட்டினருக்கும் வலிப்பு வந்திருந்தது. நடுத்தரக் காயத்தில் முப்பதாண்டுக் கணக்கு 4.2 விழுக்காடு. அதாவது காயம் பட்ட மூளை ஆண்டுகள் பல கழித்தும் புதிய நோயைத் தரக்கூடியது. ஆனால் குடும்பங்களை அதிகம் உலுக்குவது வலிப்பைக் காட்டிலும் குணமாற்றம்தான் என்று எனக்குப் படுகிறது. நெற்றிப் பகுதி மூளை அடிபட்டவர் நன்றாக நடக்கிறார், பேசுகிறார், பார்க்கிறவர்களுக்கு முழுதும் குணமானவர் போலவே தெரிகிறார். ஆனால் காரணமில்லாமல் சினக்கிறார், கையில் இருக்கும் பணத்தைக் கணக்கில்லாமல் செலவழிக்கிறார், எதையும் தாமாகத் தொடங்காமல் மணிக்கணக்கில் உட்கார்ந்திருக்கிறார். "ஆளே மாறிட்டார்" என்று மனைவி சொல்லும்போது உறவினர்கள் அதைக் குடும்பச் சண்டையாக எடுத்துக்கொள்கிறார்கள். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் வகைப்படுத்தும் 21 குறைபாடுகளில் தலைக்காயத்துக்குத் தனி இடம் இல்லாததால், இத்தகையவர்கள் சான்றிதழ் பெற வேறேதாவது ஒரு வகைக்குள் பொருந்தியாக வேண்டியிருக்கிறது.

மனக்காயம் பற்றி ஆக்ஸ்ஃபோர்டில் ரிச்சர்ட் மேயூவும் அவருடைய குழுவினரும் 1993-இல் வெளியிட்ட ஆய்வு இன்றும் படிக்கத்தக்கது. தொடர்ச்சியாகச் சிகிச்சைக்கு வந்த 188 பேரை ஓராண்டு பின்தொடர்ந்தபோது, ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு விபத்தின் கொடிய நினைவுகளோடு கூடிய கடும் மன அதிர்ச்சி இருந்தது. பத்தில் ஒருவருக்கு அது நீடித்த அதிர்ச்சி நோயாக வளர்ந்தது. அதைவிடப் பரவலாக இருந்தது பயண அச்சம். விபத்தின்போது சிறிது நேரம் நினைவிழந்து எதுவும் ஞாபகம் இல்லாதவர்களுக்கு அதிர்ச்சி நோய் வரவில்லை என்பதும் அந்த ஆய்வின் முக்கியமான முடிவு. முழு விழிப்போடு, உடைந்த வண்டிக்குள் அருகில் இருந்தவரின் முனகலைக் கேட்டபடி மீட்புக்காகக் காத்திருந்த பயணிக்கு, உடலில் சிராய்ப்பு மட்டுமே இருந்தாலும், மனத்தில் ஆழமான காயம் இருக்க முடியும் என்பதை இது காட்டுகிறது. வண்டி ஓட்ட அஞ்சுகிறவர் ஓட்டுவதை நிறுத்திவிடலாம். பயணியாக இருக்க அஞ்சுகிறவர் என்ன செய்வார்? வேலைக்கும் மருத்துவமனைக்கும் திருமண வீட்டுக்கும் பேருந்தில்தான் போயாக வேண்டும். பிரேக் இன்னொருவர் காலடியில்தான் இருக்கும். படிப்படியாகப் பயணத்துக்குப் பழக்கும் உளவியல் சிகிச்சையால் இது குணமாகக்கூடியது. பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை, அவரும் சொல்வதில்லை என்பதால் சிகிச்சை தொடங்குவதே இல்லை.

தண்டுவடக் காயத்தைப் பற்றிப் பேசும்போது வேலூரை விட்டுவிட முடியாது. 1954-ஆம் ஆண்டு ஜனவரியில், வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியின் இளம் மருத்துவர்கள் சிலர் சேர்ந்து சென்ற வண்டி கவிழ்ந்தது. அதில் பயணியாக இருந்த கொச்சியைச் சேர்ந்த மருத்துவர் மேரி வர்கீஸ், இடுப்புக்குக் கீழே உணர்வையும் இயக்கத்தையும் இழந்தார். மகப்பேறு மருத்துவராக வேண்டும் என்ற எண்ணம் அன்றோடு போயிற்று. சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை செய்யக் கற்றார். ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் தாமே மறுவாழ்வுப் பயிற்சி பெற்றார், நியூயார்க்கில் அந்தத் துறையை முறையாகப் படித்தார். திரும்பி வந்து வேலூரில் உடலியக்க மறுவாழ்வு மருத்துவத் துறையைத் தலைமையேற்று வளர்த்தார். அதன் தொடர்ச்சியாக 1966-இல் உள்நோயாளிகளுக்கான மறுவாழ்வு நிலையமும் உருவானது. 1972-இல் பத்மஸ்ரீ விருது பெற்ற அவர் 1986-இல் மறைந்தார். விபத்துக்குப் பிறகு அவர் வாழ்ந்தது முப்பதாண்டுகளுக்கு மேல்.

அவ்வளவு காலம் வாழ முடிவதன் பின்னால் இருப்பது சலிப்பூட்டும் அன்றாடப் பராமரிப்பு. உணர்வில்லாத தோல் அழுத்தத்தைச் சொல்லாது. ஆகவே படுத்திருப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும், இரவிலும். சிறுநீர்ப்பை தானாகக் காலியாகாததால் நாளொன்றுக்கு நான்கைந்து முறை சுத்தமான குழாயைச் செலுத்தி எடுக்கக் கற்க வேண்டும். இது சரியாக நடக்காத காலத்தில் தண்டுவடக் காயக்காரர்களின் உயிரைப் பெரும்பாலும் பறித்தது சிறுநீரகச் செயலிழப்புதான். தண்டுவடத்தில் மார்புப் பகுதியின் மேற்பாதியிலோ அதற்கு மேலேயோ காயம் உள்ளவர்களுக்கு, குழாய் அடைத்துக்கொண்டாலே இரத்த அழுத்தம் திடீரென உச்சத்துக்கு ஏறி, தலைவலியும் முகச் சிவப்புமாகத் தொடங்கி மூளையில் இரத்தக் கசிவு வரை போகலாம். அவரை நிமிர்த்தி உட்கார வைத்து அடைப்பை உடனே நீக்க வேண்டும் என்பது வீட்டில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் தெரிந்திருக்க வேண்டிய செய்தி. இவற்றைக் கற்றுத் தருவதுதான் மறுவாழ்வு மருத்துவம். டிஸ்சார்ஜ் ஆகும்போது "பிசியோ செய்யவும்" என்று ஒரு வரி எழுதிக் கொடுத்தால் அது நிறைவேறுவதில்லை.

மருத்துவச் செலவில் முதல் நாட்களுக்கு அரசின் கை நீண்டிருக்கிறது என்பதை மறுக்க முடியாது. 2021 டிசம்பர் 18-இல் தொடங்கப்பட்ட "இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48" திட்டம், தமிழ்நாட்டு எல்லைக்குள் விபத்துக்குள்ளாகும் எவருக்கும், அவர் எந்த மாநிலத்தவராக இருந்தாலும், முதல் 48 மணி நேரச் சிகிச்சையைக் கட்டணமின்றி அளிக்கிறது. 2025 மே மாதம் மத்திய அரசு அறிவித்த திட்டம் ஏழு நாட்களுக்கு 1.5 லட்சம் ரூபாய் வரை ஏற்கிறது. இவை உயிர்களைக் காக்கும் நல்ல திட்டங்கள். காப்பாற்றப்பட்ட உயிர் எட்டாம் நாளிலிருந்து யாருடைய பொறுப்பு என்பதற்கு ஒத்த விடை இன்னும் உருவாகவில்லை. பணம் தீர்ந்தவுடன் மாவுக்கட்டோடு புறப்பட்டு, நாட்டு வைத்தியமான புத்தூர் கட்டுக்குப் போகும் குடும்பங்கள் இன்றும் இருக்கின்றன. மூட்டுக்குள் போகும் முறிவுகளும் நரம்பு சம்பந்தப்பட்ட முறிவுகளும் அப்படிக் கோணலாகக் கூடினால், பிறகு செய்யும் திருத்த அறுவை முதல் அறுவையைவிடக் கடினமாகிறது.

எஞ்சியிருப்பது இழப்பீடு. விபத்தில் பயணியின் தவறு பொதுவாக இருப்பதில்லை. இரண்டு வண்டிகளும் தவறிழைத்திருந்தால், எந்த ஒரு தரப்பிடமிருந்தும் முழு இழப்பீட்டையும் அவர் பெறலாம் என்று 2015-இல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. ஆயினும் காப்பீட்டில் மிகவும் பலவீனமான இடத்தில் நிற்பதும் அவரே. உரிமையாளரே ஓட்டுகையில் அவருக்கென்று கட்டாயமாக்கப்பட்டுள்ள 15 லட்சம் ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பு பயணிக்குச் சேராது. நண்பரின் காரிலோ பைக்கிலோ போகும்போது விபத்து நண்பரின் தவறால் நேர்ந்து, வண்டிக்கு மூன்றாம் தரப்புக் காப்பீடு மட்டுமே இருந்தால், காப்பீட்டு நிறுவனம் பொறுப்பில்லை என்று கைவிரிக்க முடியும். முழுக் காப்பீடு இருந்தால்தான் உள்ளே இருப்பவருக்குப் பாதுகாப்பு. கோயில் விழாவுக்கோ வயல் வேலைக்கோ சரக்கு வண்டியின் பின்னால் ஏறிப் போகிறவர்களின் நிலை இன்னும் மோசம்: சரக்கு வாகனத்தில் சும்மா ஏறிய பயணிக்குக் காப்பீட்டு நிறுவனம் பொறுப்பேற்க வேண்டியதில்லை என்பது 2002-இலேயே உச்ச நீதிமன்றத்தில் முடிவான செய்தி. அவர்கள் வண்டி உரிமையாளரிடம்தான் கேட்க வேண்டும்; கேட்டாலும் அவரிடம் என்ன இருக்கும்?

இழப்பீட்டின் அடிப்படைச் சிக்கல் காலம் சார்ந்தது. மோட்டார் வாகனச் சட்டத்தின்படி இறுதித் தீர்ப்பு வந்த பிறகு மேலும் இழப்பீடு கேட்டு வழக்கை மீண்டும் திறக்க வழியில்லை, ஆகவே எதிர்கால மருத்துவச் செலவையும் அப்போதே கணித்துச் சேர்க்க வேண்டும் என்று 2002-இல் மற்றொரு வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. 2019-ஆம் ஆண்டுத் திருத்தமோ, விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் மனுத் தாக்கல் செய்ய வேண்டும் என்று கெடு வைத்தது; 2022 ஏப்ரல் 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது. இரண்டாம் ஆண்டில் சரியப்போகும் இடுப்பு எலும்பையும், ஐந்தாம் ஆண்டில் வரக்கூடிய வலிப்பையும் இந்தக் காலக்கெடுவோடு வைத்துப் பார்த்தால், காயத்தின் நாட்காட்டியும் சட்டத்தின் நாட்காட்டியும் எவ்வளவு விலகியிருக்கின்றன என்பது புரியும். அவசரச் செலவுக்குக் கை நீட்ட வேண்டிய குடும்பம், நிலைமை முழுதும் தெரியுமுன்னே, வழக்குகளைச் சமரசத்தில் முடிக்கும் மக்கள் நீதிமன்றமான லோக் அதாலத்தில் ஒரு தொகைக்கு ஒப்புக்கொண்டுவிட்டால், பின்னர் வரும் அறுவைகள் அனைத்தும் அவர்கள் கைச்செலவே. விபத்துப் பதிவேட்டின் நகலான ஏ.ஆர். காப்பி, எஃப்.ஐ.ஆர்., டிஸ்சார்ஜ் சம்மரி, ஸ்கேன் படங்கள், பிசியோவுக்கும் ஆட்டோவுக்கும் கொடுத்த சிறு ரசீது வரை பாதுகாத்து வைப்பதும், மீண்டும் அறுவை தேவைப்படலாம் என்பதை மருத்துவரிடம் எழுத்தில் வாங்குவதும் அதனால்தான் முக்கியமாகின்றன.

ஊனத்தின் விழுக்காடும் வருமான இழப்பின் விழுக்காடும் ஒன்றல்ல என்று 2010-இல் உச்ச நீதிமன்றம் விளக்கியதை இங்கே சொல்ல வேண்டும். இடது கையை இழந்த ஓட்டுநரோ தச்சரோ ஏறத்தாழ முழுப் பிழைப்பையும் இழக்கிறார். அதே கையை இழந்த அரசு எழுத்தர் வேலையில் தொடரக்கூடும். சான்றிதழில் இருவருக்கும் எண் ஒன்றே. வீட்டு வேலை மட்டும் செய்யும் பெண்ணின் உழைப்புக்கும் வருமான மதிப்பு உண்டு என்பதை 2021 ஜனவரியில் வந்த தீர்ப்பு உறுதிப்படுத்தியது. பின்னிருக்கையில் பெண்களே மிகுதியாக இருக்கும் நம் சமூகத்தில் இதை வழக்கறிஞர்கள் கேட்டு வாதாட வேண்டும்.

பராமரிப்பவரின் உழைப்பைக் கணக்கிட்ட ஒரு வழக்கு மனத்தில் நிற்கிறது. பெற்றோருடன் டிராக்டரில் சென்ற 12 வயதுச் சிறுமி, லாரி மோதி மூளையில் கடும் காயமுற்றாள். வாழ்நாள் முழுதும் பிறர் துணையின்றி எதையும் செய்ய இயலாத நிலை. விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் சுமார் 11 லட்சம் ரூபாய் கொடுத்தது, பஞ்சாப்–ஹரியானா உயர் நீதிமன்றம் அதை 25 லட்சத்துக்கு மேல் உயர்த்தியது. உச்ச நீதிமன்றம், இரவும் பகலும் பார்த்துக்கொள்ள இரண்டு உதவியாளர்கள் தேவை என்று ஏற்று, ஒருவருக்கு மாதம் 5,000 ரூபாய் வீதம் கணக்கிட்டு, மொத்தம் 62.27 லட்சம் ரூபாய் வழங்கியது. விபத்து நடந்தது 2007 அக்டோபரில். அந்தத் தீர்ப்பு வந்தது 2020 பிப்ரவரியில். இடைப்பட்ட பன்னிரண்டு ஆண்டுகளும், இரண்டு உதவியாளர்களுக்குரிய அந்த வேலையை யாரோ கூலியில்லாமல் செய்துவந்திருக்க வேண்டும்.